புதுப்பிப்பு: லொய்க்கர்பாட் என்றே முடிவு

மலையூர் வெந்நீர்க் குளியலுக்கு ஆஸ்திரியாவின் பாட் காஸ்டைனா, சுவிட்சர்லாந்தின் லொய்க்கர்பாடா என்று கேட்டிருந்தேனே, லொய்க்கர்பாட்தான். ஊர் நடுவே கொட்டும் காஸ்டைன் அருவியை விட மனசே இல்லை. ஆனால் அங்கே ஏற்ற இறக்கம் அதிகம், அம்மாவின் முழங்கால் தாங்காது.

லொய்க் வரை ரயில், அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் பேருந்து. ஊர் 1,400 மீட்டர் உயரத்தில். ஊற்றுநீர் சுமார் 51 டிகிரி. ஆறவைத்துத்தான் குளங்களில் விடுகிறார்கள். சுற்றிலும் பனி கிடக்க, கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஊருக்கு மேலே உள்ள கெம்மி மலைக்கணவாயின் பாறைச் சுவரைப் பார்க்கலாம். (நைட்டியோடு இறங்க விடமாட்டார்கள் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

கெம்மி கேபிள் காரைப் பராமரிப்புக்காக இடையில் சில வாரம் நிறுத்துவார்களாம். அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு விடுப்பு போடுகிறேன்.