‘கசிவு’ வேண்டாம், ‘மறுகால்’ ஆகட்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

> மீன்பிடிக்கத் தடையுள்ள கடற்காப்பகத்தில் பெருகும் மீன் எல்லை தாண்டி வெளியே வருவதை ‘ஸ்பில்ஓவர்’ என்கிறார்கள். ‘கசிவு’ என்றாலே போதுமே? எளிய சொல்.

ஐயா, கசிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கூரை கசிகிறது, குழாய் கசிகிறது, வினாத்தாள் கசிகிறது. எங்கே சொன்னாலும் அடைக்க வேண்டிய ஓட்டைதான் கண்முன் நிற்கிறது.

நியூசிலாந்தின் லீ கடற்காப்பகத்தைப் பாருங்கள். 1975இல் அமைத்தார்கள், அப்போது சுமார் 5 சதுர கிலோமீட்டர். உள்ளே தூண்டில்கூடப் போடக் கூடாது. அதற்கு முன் ஸ்னாப்பர் மீனையும் சிங்கி இறாலையும் அரித்துப் பிடித்திருந்தார்கள். அவற்றுக்கு இரையாக வேண்டிய கடல் முள்ளெலிகள் பெருகிப் பாசிக்காட்டை மேய்ந்து, பாறையை மொட்டையாக்கிவிட்டன. தடை வந்தபின் மீனும் இறாலும் திரும்பின, முள்ளெலி குறைந்தது, பாசி தழைத்தது. எல்லைக்கோட்டை ஒட்டி வெளியே இறால் கூண்டு வைப்பது மீனவர்களுக்கு வழக்கமாயிற்று. உள்ளே நிறைந்தால் வெளியே வரும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. குளம் பெருகிக் கலிங்கின் மேல் வழிந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் ஓடினால் ‘மறுகால் பாய்கிறது’ என்கிறோம். மேல்குளம் நிறைந்தபடியே இருக்கும், கரைக்குச் சேதமில்லை, கீழ்க்குளத்தாருக்கும் பங்கு கிடைக்கும். மீன் பிடிக்கத் தடை போட்டால் மீனவனுக்கு என்ன லாபம் என்று கேட்பவருக்கு இந்தச் சொல்லே பதில் சொல்லிவிடுகிறது.

> மறுகால் தென்மாவட்டச் சொல். மற்றவர்களுக்குப் புரியுமா?

ஒருமுறை விளக்கினால் போதும். ஏரியும் குளமும் இல்லாத மாவட்டம் நம்மிடம் ஏது? கலைச்சொல்லாகச் செய்துவைக்கும் எந்தச் சொல்லுக்கும் இந்த விளக்கம் தேவைதானே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வளர்ந்த மீன் எல்லை தாண்டுவது வேறு, முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து தொலைவுக்குப் போவது வேறு. லீக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளிப் பிடித்த ஸ்னாப்பர் குஞ்சுகளை மரபணுச் சோதனை செய்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒன்று காப்பகத்து மீன்களின் வாரிசு என்று தெரிந்தது. இதை மறுகாலில் சேர்த்தால் குழப்பம் வரும். ‘குடம்பிப் பரவல்’ எனலாமா? முட்டையிலிருந்து வெளிவந்த இளம் பருவமான ‘லார்வா’வுக்குக் குடம்பி என்பது இலங்கைப் பாடநூல்களில் புழங்கும் சொல். இங்கே ‘இளவுயிரி’ என்கிறோம்.

வரைவில் ‘மறுகால்’ என்றே இட்டிருக்கிறேன். குடம்பியா இளவுயிரியா என்பதை இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்.