கர்ப்பகாலத்தில் எலி சர்ஜரி: எதை விடுவது, பேப்பரில் முதல் ஆசிரியர் இடத்தை எப்படிக் காப்பது?

நியூரான்23:
போஸ்ட்டாக் இரண்டாம் வருடம், 9 வாரக் கர்ப்பம். ஐசோஃப்ளூரேன் (மயக்க வாயு) மயக்கத்தில் சுண்டெலிக்கு ஸ்டீரியோடாக்ஸிக் சர்ஜரி (தலையைச் சட்டத்தில் பொருத்தி மூளையில் செய்வது), ஏஏவி ஊசி (மரபணுவைக் கொண்டுசெல்லும் வைரஸ்), பிறகு மூளை சிக்னல் ரெக்கார்டிங், கடைசியில் பெர்ஃப்யூஷன் (இரத்த நாளம் வழியே கரைசல் செலுத்தி மூளையைப் பதப்படுத்துவது). எதை உடனே விட வேண்டும்? பேப்பர் கைநழுவாமல் இருக்க என்ன வழி?

ஸ்பைக்:
டாமாக்சிஃபென் போட்டு க்ரீ (மரபணுவை வெட்டி மாற்றும் என்சைம்) தூண்டும் எலிகள் இருந்தால் இன்றே ஒதுங்குங்கள். அது கருவைப் பாதிக்கும் மருந்து. பொடியை எண்ணெயில் கரைப்பதும் வேண்டாம், அந்த எலிகளின் கூண்டைச் சுத்தம் செய்வதும் வேண்டாம். பாராஃபார்மால்டிஹைடு (திசுவைப் பதப்படுத்தும் நச்சுப்பொருள்) 4% கரைசலை வேறொருவர் தயாரிக்கட்டும், பெர்ஃப்யூஷனையும் அவரே ஃபியூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) செய்யட்டும்.

ஐசோஃப்ளூரேன் பெரும்பாலும் மூக்குக் கூம்பில்தான் கசியும். பெரிய எலியின் கூம்பைச் சுண்டெலிக்கு மாட்டினால் ஓரமாக வரும் வாயு, குனிந்து வேலை செய்யும் உங்கள் முகத்துக்கு நேரே வரும். மயக்கப் பெட்டியை வெறும் ஆக்சிஜன் விட்டுக் கழுவிய பிறகே திறங்கள். மயக்க வாயுவை உறிஞ்சும் கரி கேனிஸ்டரைப் புதிதாக மாட்டும்போது எடை போட்டு அதன் மேலேயே எழுதுங்கள். 50 கிராம் கூடினால் மாற்ற வேண்டும். (எடை போடும் லேபுகள் குறைவு!) அறைக்காற்றை அளந்து தரும்படி பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள்.

ஹிப்போகாம்பஸ்:
பிரசவத் தேதியிலிருந்து (40ஆம் வாரம்) பின்னோக்கி எண்ணுங்கள். ஏஏவி வெளிப்பாட்டுக்கு (மரபணு வேலை செய்யத் தொடங்க) 4 வாரம், ரெக்கார்டிங்குக்கு 6, கடைசியில் கைவசம் 4 என்று விட்டால், கடைசி சர்ஜரி 26ஆம் வாரத்துக்குள் முடிய வேண்டும். மூளையில் இம்ப்ளாண்ட் (மின்முனை) வைத்த எலி காத்திருக்காது, சிக்னல் மங்கிவிடும். பதப்படுத்தி எடுத்த மூளை காத்திருக்கும்: 30% சுக்ரோஸில் மூழ்கியதும் வெட்டி, கிளிசரால்–எத்திலீன் கிளைகால் கரைசலில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள், மாதக்கணக்கில் தாங்கும். ஸ்பைக் சார்ட்டிங்கை (எந்தச் சிக்னல் எந்த நியூரானுடையது என்று கணினியில் பிரிப்பது) வீட்டிலிருந்தே செய்யலாம்.

கிரான்ட்_கணக்கு:
"வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சுதான் பின்னால் சம-முதல் ஆசிரியராக முளைக்கும். விடுப்புக்கு முன்பே பிஐக்கு (லேப் தலைவர்) மெயில் போடுங்கள்: எந்தப் படத்துக்கு எத்தனை எலி முடிந்தது, மீதியை யார் செய்வார், அவர் பெயர் எந்த இடத்தில். "சரி" என்று அவர் பதில் போடும்வரை விடாதீர்கள்.

பிறகு கிரான்ட் தகுதிக்காலம், அதாவது பட்டம் பெற்று எத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்பது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் தாய்க்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் கூடும், எடுத்த விடுப்பு அதைவிடக் குறைவாக இருந்தாலும். அமெரிக்க என்ஐஎச்சில் (தேசிய சுகாதார நிறுவனம்) தொடக்கநிலை ஆய்வாளர் தகுதி முனைவர் போன்ற இறுதிப் பட்டத்துக்குப் பின் 10 வருடம். அதற்குள் குழந்தை பிறந்தால் 1 வருடம் கூட்டித் தருவார்கள், ஆனால் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.

நியூரான்23:
எங்கள் கேனிஸ்டர் மேல் எடையே இல்லை. நாளை புதிது மாட்டச் சொல்கிறேன், மெயில் இன்று இரவே.