மறு: குழந்தைகளின் பி.எம்.ஐ.: ‘சதமானம்’ எல்லையைத் தாண்டாது

குழுவினருக்கு வணக்கம்.

உயரத்துக்கு எடை எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்ணான பி.எம்.ஐ.க்குத் தமிழில் ‘உடல் நிறைக் குறியெண்’ ஓரளவு நிலைபெற்றுவிட்டது. ‘நிறை’யா ‘எடை’யா என்ற பழைய வழக்கைக் கோவை நண்பர் மறுபடி கிளப்பியிருக்கிறார், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இப்போது சிக்கல் ‘பெர்சன்டைல்’, அதாவது ஒத்த குழந்தைகள் நூறு பேரின் வரிசையில் ஒரு குழந்தைக்குரிய இடம், என்பதற்கான தமிழ்ச்சொல்.

மருத்துவர் அம்மா ‘சதமானம்’ என்று முன்மொழிந்திருக்கிறார். சென்னையில் அது செல்லுபடியாகலாம். கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில் செல்லாது. இங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கும் காதில் விழுவது பாதி மலையாளம். மலையாளத்தில் ‘சதமானம்’ என்றால் விழுக்காடு. பள்ளி உடல்நலத் தாளில் ‘90ஆம் சதமானம்’ என்று அச்சிட்டால், “நூற்றுக்குத் தொண்ணூறா, நல்லதுதானே டீச்சர்?” என்றுதான் தாய்மார் கேட்பார்கள். அமெரிக்க அளவுகோலின்படி பெர்சன்டைல் 85 முதல் 95க்குள் இருந்தால் அதிக எடை. 95ஐத் தொட்டால் உடற்பருமன். நல்ல மதிப்பெண் போலத் தோன்றுவது உண்மையில் எச்சரிக்கை. ஆந்திர எல்லையிலுள்ள நகரிப் பக்கத்திலும் இதே கதைதான். தெலுங்கில் விழுக்காடு ‘சாதம்’.

வெறும் குறியெண்ணை மட்டும் போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. 18.5 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அதற்குக் கீழே போனால் எடைக்குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அட்டவணையில் பத்து வயதுப் பையனுக்கு அதே 18.5தான் அதிக எடை தொடங்கும் கோடு. ஐந்து வயது முடிந்த பையனுக்கோ அது பருமன் கோட்டையே தாண்டிவிடுகிறது. அந்த வயதில் நடுமதிப்பு ஏறத்தாழ 15.3. 110 செ.மீ. உயரமும் 18.5 கிலோ எடையும் உள்ள சிறுவனின் குறியெண் 15.3, மிகச் சரியாக நடுவில் நிற்கிறான். பெரியவர்களின் அட்டவணையை வைத்துப் பார்க்கும் பாட்டிக்கு அவன் நோஞ்சான்! அப்புறம் சத்துமாவு டப்பாதான்.

ஆகவே ஒரே வயது, ஒரே பாலினக் குழந்தைகள் நூறு பேரைக் குறியெண்ணின் ஏறுவரிசையில் நிறுத்தினால் இந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. கேட்பது அளவையன்று, இடத்தை. அதனால் ‘நூற்றிடம்’ என்கிறேன். ‘90ஆம் நூற்றிடம்’: தொண்ணூறு பேர் இவனுக்குக் கீழே. பாடநூலின் ‘நூற்றுமானம்’ புள்ளியியல் வகுப்பில் இருந்துகொள்ளட்டும். பெற்றோர் கைக்குப் போகும் தாளில் ‘மானம்’ வந்தாலே இங்குள்ளவர்கள் சதமானத்துக்குத் தாவிவிடுவார்கள். முழுத்தொடர்: ‘வயதுசார் உடல் நிறைக் குறியெண் நூற்றிடம்’. நீளம்தான், தலைப்பில் ஒருமுறை போட்டுவிட்டுப் பிறகு ‘நூற்றிடம்’ என்றே எழுதலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கோடுகள், நடுமதிப்பிலிருந்து எவ்வளவு விலகல் என்று அளக்கும் திட்டவிலக்கக் கணக்கில் இருக்கின்றன. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

இன்னொன்று. முதல் வயதுக்குப் பிறகு இறங்கிவரும் குறியெண், ஐந்தாறு வயதில் அடிதொட்டு மறுபடி ஏறும். இந்த ஏற்றம் மிக முன்னதாகவே தொடங்கும் குழந்தைகளுக்குப் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு கூடுதல். ‘உடம்பு பூசினாற்போல்’ என்பதை மனத்தில் வைத்து இதற்கு ‘மறுபூசல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன், ஆனால் சண்டை இரண்டாம் முறை மூண்டது போல ஒலிக்கிறது. ‘கொழுப்பு மீளேற்றம்’ என்று வைக்கலாமா? இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். ‘நூற்றிடம்’ பற்றி மருத்துவர் அம்மா மறுப்பு எழுதுவார் என்று தெரியும். ஒரு மலையாளியிடம் ‘சதமானம்’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.