இந்த 23 ஊர்களும் எங்கே?

டர்பனில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஏழு மாதமாகிறது. 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி) வந்த ஒப்பந்தக் கூலிகளைப் பற்றியது. புறத்தேர்வாளர் ஒருவர் திருத்தம் கேட்டிருக்கிறார்: கூலிகளின் பெயரும் ஊரும் பதிந்த கப்பல் பட்டியலில் உள்ள ஊர்கள் இன்று எங்கே இருக்கின்றன? நியாயமான கேள்விதான். ஆனால் எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்ததில், 'புதூர்' எந்தப் புதூர் என்றே தெரியவில்லை. வட ஆர்க்காட்டில் மட்டும் 23 ஊர்கள் மிச்சம். என் கொள்ளுப்பாட்டியின் ஊரும் அதில் ஒன்று. பழைய மாவட்டக் கையேடு, இன்றைய வருவாய்க் கிராமப் பட்டியல், கூகுள் வரைபடம் எல்லாம் பார்த்துவிட்டேன். "தெரியவில்லை என்று அடிக்குறிப்பு போடு" என்கிறார் நெறியாளர், மனம் ஒப்பவில்லை. கெடு ஆறு வாரம்.

1911-க்கு முந்தைய வட ஆர்க்காட்டின் தாலுகா வாரியான கிராமப் பட்டியல் இணையத்தில் எங்கே கிடைக்கும்?