பேக்கர் ஏற்றத்தில் கியர்பாக்ஸ் எண்ணெயின் சூடு: டிரெய்லர் இழுத்த அனுபவம்

டிரக்கின் டேஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி முள் என்ஜின் குளிர்நீரின் சூட்டைத்தான் காட்டுகிறது, கியர்பாக்ஸைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை என்பது வண்டி வாங்கி நான்கு ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது. 40,000 மைலில் தானியங்கி கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்றக் கொடுத்தபோது, புதிதில் செக்கச் செவேலென்று இருக்கும் எண்ணெய் முதல் டிகாக்‌ஷன் நிறத்தில், கருகிய வாடையோடு வடிந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை.

அதன் பிறகு, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டிக் கணினியின் தகவல்களைப் படிப்பதற்கென உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கி, கைப்பேசிச் செயலியில் கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்க்கும்படி அமைத்துக்கொண்டேன். டிரெய்லர் இல்லாமல் சமவெளியில் ஓட்டும்போது 175 முதல் 190 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காட்டும். 200 டிகிரி என்பது ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸ். 175 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதைவிடக் கூடுதலாகத் தாங்குவதால் அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சூடு ஏற ஏற ஆயுள் வேகமாகக் கரைகிறது என்பதில் ஐயமில்லை.

சென்ற ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து யூட்டாவுக்கு, 6,000 பவுண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்துடன் புறப்பட்டோம். ஐ-15 நெடுஞ்சாலையில், மொஹாவி பாலைவனத்தின் நடுவே பேக்கர் என்ற சிற்றூர் இருக்கிறது. 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானிக் கோபுரத்தை நிறுத்தி வைத்திருக்கும் ஊர் அது. அங்கிருந்து ஹாலோரன் உச்சி வரை ஏறத்தாழ 17 மைலில் சாலை 3,000 அடிக்கு மேல் ஏறுகிறது. ஏசியை நிறுத்தச் சொல்லும் பலகைகளை வழியில் காணலாம். நாங்கள் போன அன்று வெளியே 108 டிகிரி.

ஏற்றம் தொடங்கும்போது எண்ணெய் 192 டிகிரியில் இருந்தது. என் மனைவி கைப்பேசியைப் பார்த்து எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். 205, 214, 226 என்று அது ஏறியபோதும் என்ஜின் முள் நடுவிலிருந்து அசையவே இல்லை. வண்டி ஐந்தாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் இடையே மாறி மாறித் தடுமாறியது. வேகம் கூடாமலே என்ஜின் சுழற்சி மட்டும் நிமிடத்துக்கு 300, 400 சுற்று கூடிக் குறைந்தது. என்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுசேர்க்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடுபட்டு விடுபட்டு மீண்டும் பற்றியதன் அடையாளம் அது. அந்தக் கிளட்ச் பற்றியிருக்கும்போது விசை நேரடியாகக் கடத்தப்படுகிறது. விடுபட்டுவிட்டால் கன்வெர்ட்டருக்குள் எண்ணெயே விசையைச் சுமப்பதால், வழுக்கலில் வீணாகும் ஆற்றல் முழுவதும் சூடாக மாறுகிறது.

236 டிகிரியை எட்டியபோது பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, அதே கியரில் மெதுவாகப் போக முயன்றேன், எண் குறையவில்லை. பிறகு, பாரம் இழுக்கும்போது பயன்படுத்துவதற்கென உள்ள டோ-ஹால் பொத்தானை அழுத்தி, கையாலேயே மூன்றாம் கியருக்கு இறக்கி, 45 மைல் வேகத்தில் வலது ஓரமாகச் சென்றேன். என்ஜின் 3,300 சுற்றில் இரைந்தது. பின்னிருக்கையிலிருந்த மகன் வண்டி கெட்டுவிட்டதா என்று கேட்டான். ஆனால் கிளட்ச் நிலையாகப் பற்றிக்கொண்டதால் எண் 238-இல் நின்று, உச்சியை அடைவதற்குள் 211-க்கு இறங்கியிருந்தது. என்ஜின் இரைச்சலைக் கேட்டு அஞ்சுவது நம் பழக்கம். அன்று கியர்பாக்ஸைக் காப்பாற்றியது அந்த இரைச்சல்தான்.

ஊர் திரும்பியதும், ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிரூட்டியைக் கடந்து வரும் எண்ணெய் அடுத்துச் செல்லும்படி, ஏசி கண்டென்சருக்கு முன்னால் கூடுதல் குளிரூட்டி ஒன்றைப் பொருத்தினேன். குளிர்காலத்தில் எண்ணெய் சூடேறாமலே கிடப்பதும் நல்லதன்று என்பதால், எண்ணெய் சூடேறிய பிறகே அதைக் குளிரூட்டிக்குள் விடும் தெர்மோஸ்டாட் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்கினேன்.

மறுமொழி:

பயனுள்ள பகிர்வு, அண்ணா. என் அனுபவம் நெடுஞ்சாலையில் நேர்ந்ததன்று. மலைச்சரிவில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு, செங்குத்தான சரளைப் பாதையில் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. பத்து நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்துவதற்குள் 188 டிகிரி 240-ஐத் தாண்டிவிட்டது. என் வண்டியில் ரிவர்ஸில் லாக்-அப் கிடையாது. நடை வேகத்தில் குளிரூட்டியின் வழியே காற்றும் போதிய அளவு செல்வதில்லை. என்ஜினை அணைத்துவிடத் தோன்றியது, ஆனால் அணைத்தால் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பும் நின்றுவிடும். எனவே கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் 1,200 சுற்றில் ஓடவிட்டேன். சில நிமிடங்களில் எண் இறங்கத் தொடங்கியது. இப்போது அந்தப் பாதையில், நான்கு சக்கரங்களையும் தாழ்ந்த கியர் விகிதத்தில் இயக்கும் ஃபோர்-லோவில்தான் பின்னோக்கி ஏறுகிறேன். காய்ந்த தார்ச்சாலையில் வளைத்துத் திருப்பும்போது அது பொருந்தாது.

உங்கள் எண் எண்ணெய்த் தொட்டியில் அளந்ததா, கன்வெர்ட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் அளந்ததா? நான் தனியாகப் பொருத்திய வெப்பமானியின் உணரி அந்தக் குழாயில் இருப்பதால், தொட்டி அளவைவிட 30, 40 டிகிரி மிகுதியாகச் சட்டென்று தாவும். இது தெரியாமல் முதல் மாதம் முழுவதும் தூக்கம் கெட்டேன்.

முதலில் எழுதியவர்:

தொட்டியில் அளந்த எண்தான், தம்பி. செயலியில் வண்டிக்கு உரிய குறியீட்டைச் சரியாகக் கொடுக்காததால், முதல் வாரம் முழுவதும் எனக்கு மைனஸ் 40 என்றே காட்டியது. அலகை மாற்றிப் பார்த்தேன். ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒன்றாகும் புள்ளி அதுவே என்பதால், அப்போதும் மைனஸ் 40தான்.