வயலினில் ஒட்டியிருந்த அடையாளங்களை ஆசிரியை உரித்துவிட்டார். வீட்டில் திரும்ப ஒட்டலாமா?

உப்புவெளிக்காரி:

எனக்கு 44 வயது, தபாலகத்தில் வேலை. தை மாதத்தில் வயலின் வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலைகளில், பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கிட்ட ஆசிரியையின் வீட்டில் நடக்கிறது. என்னுடன் படிக்கும் ஐந்து பேரும் பள்ளிப் பிள்ளைகள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார்கள். எனக்குப் பரீட்சை வேண்டாம். சம்பந்தர் நம் திருகோணமலைக் கோணேசருக்குப் பாடிய பதிகத்தை அம்மா தினமும் விளக்கு வைத்ததும் பாடுவார். அவருக்கு 76 வயது. பக்கத்தில் இருந்து நான் அதை வாசிக்க வேண்டும். சேர்ந்தது அதற்காகத்தான்.

முதல் ஆறு மாதமும் விரல் வைக்கும் இடங்களில் வெள்ளை பிளாஸ்டரை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்டியிருந்தோம். தொடக்கப் பாடங்களான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அந்தக் கீற்றுகளைப் பார்த்தே முடித்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஆசிரியை வயலினை வாங்கி, எல்லாவற்றையும் நகத்தால் உரித்துவிட்டார். "இனிக் காது பார்க்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு அழுகை வருகிறது. ரிஷபம் (ரி) ஒரு நாள் கூடுகிறது, மறுநாள் குறைகிறது. காந்தாரம் (க) பிடிபடவே இல்லை. போதாக்குறைக்குக் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிறது. காலையில் சேர்த்த சுருதி மாலையில் இல்லை, பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவித் தந்தி தொய்ந்து கிடக்கிறது. கீற்று இருந்த இடத்தில் பசை இன்னும் மங்கலாகத் தெரிகிறது. நேற்று அதைத் தேடிப்பிடித்து விரல் வைத்தேன். வீட்டில் மட்டும் திரும்ப ஒட்டிக்கொண்டால் பிழையா? ஆசிரியையிடம் மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

மூதூர்த் தம்பி:

ஒட்டுங்கள் அக்கா. நான் கிட்டார் படிக்கிறேன், அதில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டக் குறுக்குக் கம்பிகளே பதித்திருக்கின்றன. வீணைக்கும் அப்படி 24 மெட்டு. வீணை வாசிக்கிறவர்களுக்குக் காது இல்லை என்று யாராவது சொல்வார்களா? பிழையான இடத்திலேயே விரல் பழகிவிட்டால் பிறகு திருத்துவதுதான் பெரிய பாடு.

தம்பலகாமத்தான்:

மகள், ஒட்ட வேண்டாம். பன்னிரண்டு வயதில் தொடங்கியவன் நான், அறுபதைத் தாண்டியும் வாசிக்கிறேன். தம்பி சொல்வது போல வீணையில் மெட்டு இருக்கிறது. ஆனால் மெட்டின் மேல் தந்தியை இழுத்தால்தான் அங்கே கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, பிறக்கும். வயலினில் விரலே நகர வேண்டும். பிளாஸ்டர் ஓர் இடத்தைக் காட்டும், கமகம் ஓர் இடத்தில் நிற்காது. உங்கள் ஆசிரியை உரித்தது சரி. உரித்த பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்று சொல்லாமல் விட்டதுதான் குறை.

நான்கு தந்தியும் ச, ப, ச, ப. இரண்டாம் தந்தியில் ச ரி க ம வாசிக்கும்போது விரல் எங்கே விழுகிறதோ, அதே இடங்களில்தான் முதல் தந்தியில் ப த நி ச விழும். நீங்கள் வரிசைகள் படிக்கும் மாயாமாளவகௌளை அப்படி அமைந்த ராகம். ஆகவே ஒரு தந்தியில் காது திருந்தினால் மற்றதும் திருந்தும்.

இனி இதைச் செய்யுங்கள். விரல் நீளத்தில் ஒரு கடதாசித் துண்டை இரண்டாக மடித்து, கூரை போல இரண்டாம் தந்தியின் மேல் வையுங்கள். நட்டநடுவில் வேண்டாம், சற்றுத் தள்ளி. முதல் தந்தியில் மோதிர விரலால் மேல் ஸட்ஜத்தை (மேல் ச) பிடித்து, அந்தத் தந்தியில் மட்டும் வில்லை இழுங்கள். இடம் பிசகினால் கடதாசி சும்மா இருக்கும். சரியாக விழுந்தால், யாரும் தொடாத இரண்டாம் தந்தி தானாக அதிரும், கடதாசி துடிக்கும். கண்ணுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இது பொய் சொல்லாது. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் சுருதிப்பெட்டியைப் போட்டு, முதலில் வாயால் பாடிவிட்டு வில்லைப் போடுங்கள்.

அம்மாவின் பதிகம் புறநீர்மை என்ற பழைய தமிழ்ப் பண். அதைப் பூபாள ராகத்தில் பாடுவார்கள். ரிஷபமும் தைவதமும் (த) நீங்கள் இப்போது அழுதழுது படிக்கும் அதே ஸ்வரங்கள்தான். மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. காந்தாரம் மட்டும் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரம், நடுவிரலைச் சற்றே பின்னுக்கு வைத்தால் போதும். நீங்கள் நினைப்பதைவிட அந்தப் பதிகத்துக்குக் கிட்ட வந்துவிட்டீர்கள்.

பிரடை நழுவினால் அதைக் கழற்றி, துளைக்குள் போகும் பாகத்தில் வெண்கட்டியைத் தேய்த்து மாட்டுங்கள். ஒவ்வொன்றாக, நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்த வேண்டாம். மார்கழி மழைக்கு அது இறுகிக்கொள்ளும், அப்போது பலவந்தமாகத் திருக வேண்டாம்.

அம்மா எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், பாடுகிறார்?

உப்புவெளிக்காரி:

வகுப்பில் ஐந்து கட்டை, ஐயா. அம்மாவுக்கு நாலு கட்டைதான் வசதி.

இன்று வேலைக்குப் போகுமுன் செய்து பார்த்தேன். பஸ் டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து மடித்து வைத்தேன். பத்துப் பதினைந்து தடவை ஒன்றுமில்லை. பிறகு விரலை மயிரிழை அளவு மேலே ஏற்றியபோது டிக்கெட் துண்டு நடுங்கி, சரிந்து என் மடியில் விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டாம் தடவையும் விழுந்தது. ஆனால் விரல் நின்ற இடம் பசைத் தடத்தின் மேல் இல்லை, அதற்கு ஒரு நூல் தள்ளி. அப்படியானால் ஆறு மாதமும் பிளாஸ்டரே பிழையாக இருந்ததா?

தம்பலகாமத்தான்:

இருக்காது. தந்தி தொய்ந்து கிடந்தபோது தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்திருக்கும் அல்லது நகர்ந்திருக்கும். குதிரை நகர்ந்தால் எல்லா ஸ்வரத்தின் இடமும் மாறும். நீங்களாகக் கை வைக்காமல் சனிக்கிழமை ஆசிரியையிடம் காட்டுங்கள். குதிரை நேரான பிறகு நான்கு தந்தியையும் நாலு கட்டைக்கு இறக்கி அம்மாவுடன் இருந்து பாருங்கள். வகுப்புக்குப் போகுமுன் மறக்காமல் ஐந்துக்கு ஏற்றிவிடுங்கள்.