பைரைட் மேல் தனிக் கந்தகம் தெரியவில்லை, ஏன்?

கேள்வி (காரைக்குடி): ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்த பைரைட்டை (இரும்பு-கந்தகக் கனிமம்) எக்ஸ்பிஎஸ்-இல் (எக்ஸ்-கதிரால் மேற்பரப்பின் சில நானோமீட்டரை மட்டும் ஆராயும் முறை) பார்த்தேன். கந்தகத்தின் 2பி எலக்ட்ரான் முகடுகள் 162.5 (பைரைட்), 168.8 (சல்ஃபேட்) எலக்ட்ரான்வோல்ட்டில் (ஈவி) மட்டும்தான். தனிக் கந்தகத்துக்குரிய 164 அருகே ஒன்றுமே இல்லையே அண்ணே?

பதில் 1: வெற்றிட பம்ப் போட்டதுமே பறந்திருக்கும் தம்பி. தனிக் கந்தகம் அறை வெப்பத்தில், உயர் வெற்றிடத்தில் பதங்கமாகிவிடும். திரவ நைட்ரஜனில் மாதிரித் தட்டைக் குளிரவைத்த பிறகே பம்ப் போடுங்கள். குளிர்விப்பது உலர் நைட்ரஜன் ஓட்டத்தில் நடக்கட்டும். இல்லாவிட்டால் மேலே பனி படிந்து சிக்னலே வராது.

பதில் 2: முகடுகளுக்கு வளைகோடு பொருத்தும்போதும் கவனம். ஒவ்வொரு வகைக் கந்தகமும் இரண்டு முகடு தரும். 1.18 ஈவி இடைவெளி, 2:1 பரப்பு என்று இரட்டை முகடாகப் போடாவிட்டால், பைரைட்டின் சொந்த இரண்டாம் முகட்டையே (163.7) தனிக் கந்தகம் என்பீர்கள். மேற்பரப்பைச் சுத்தமாக்க ஆர்கான் அயனியால் சுரண்டவே வேண்டாம், சல்ஃபேட் ஆக்சிஜனை இழந்து ஒடுக்கமடையும்.

கேட்டவர்: இரும்பின் முகடுகளில் 707-ம் (பைரைட்) 711-ம் (ஆக்சைடு) இருக்கு.

பதில் 1: 707 தெரிந்தால் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர்தான், அல்லது திட்டுத்திட்டாக இருக்கும்.